இருபத்தெட்டாம் தேதி

புக்கிட் செராயா, மூன்றாவது பிரிவு, வீட்டு எண் பதினேழு.
கோமளவல்லி த/பெ அர்ச்சுனன், வயது நாற்பத்து நான்கு.
வேலை: செம்பனையடியில் உதிரிப் பழம் பொறுக்குதல்.
இவ்வளவும் டேப்லெட்டில் முன்பே இருந்தது.

மேசைமேல் என் கடையை விரித்தேன்:
ரப்பரில் செய்த ஒரு கோப்பைச் சோறு,
ரப்பரில் ஒரு கெம்போங் மீன்,
நான்கு அளவில் கரண்டிகள், படப்புத்தகம்.
அவருடைய அப்பா சீவிய மரத்துப் பால்
எங்கெங்கோ சுற்றிவிட்டு
சோறாகத் திரும்பி வந்திருந்தது.
நான்கு வயதுப் பையன் ஒருவன் மீனை அழுத்தினான்,
மோந்தான்,
வைத்துவிட்டான்.

"நேற்று எழுந்ததிலிருந்து இன்று எழுந்தது வரை
வாயில் போட்டதெல்லாம் சொல்லுங்கக்கா."

"அஞ்சு மணிக்குத் தேத்தண்ணி. டின் பால் ஊத்தி."
எத்தனை கரண்டி?
நான்கையும் பார்த்தார். ஒன்றும் அவர் வீட்டுடையதில்லை.
"சாய்ப்பேன். கைக்குத் தெரியும்."

பத்து மணிக்கு நாலு மாரி பிஸ்கட்.
மத்தியானம் சோறு, முந்தாநாள் பருப்பு.
ராத்திரி மேகி ஒரு பாக்கெட், மூன்று பேர்.
உங்கள் பங்கு?
"சாறு."

திரை சிவந்தது:
*அறுநூற்றுப் பன்னிரண்டு கலோரி.
நம்பத்தக்க அளவுக்குக் கீழே. மறுபடியும் கேட்கவும்.*

சிரம்பான் ஹோட்டலில் மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள்.
கோழியே மூன்று விதமாக இருந்தது அங்கே.
மக்கள் மறப்பார்கள், நினைவூட்டுங்கள் என்றார்கள்.
நினைவூட்டினேன்:
பழம்? பலகாரம்? யாராவது கொடுத்தது?

சிவப்பைப் பார்த்தார்,
பரீட்சைத் தாளைப் பார்ப்பதுபோல.
"ஆமா, ஒரு முட்டை."
அவித்ததா, பொரித்ததா?
"எது நல்லது?"
எது சாப்பிட்டீர்களோ அதுக்கா.
"அப்ப அவிச்சது.
ரெண்டு."

திரை பச்சையானது.

புத்ராஜெயா கணக்கில் கோமளவல்லி ஒருவர் அல்ல.
தேர்வான தலை ஒவ்வொன்றும்
நான்காயிரத்து அறுபது தலைகளுக்குச் சமம்.
அப்படியானால்
எந்தக் கோழியும் இடாத எட்டாயிரத்து நூற்றிருபது முட்டைகள்
அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்துக்குள் உருண்டு போகும்.
ஒன்றுகூட உடையாது.

பையனின் புஜத்தில் டேப்பைச் சுற்றினேன்.
மஞ்சளில் நின்றது.
டேப்புக்கு விருந்தாளியும் தெரியாது, வெட்கமும் தெரியாது.

அடுத்த வீட்டில் கருவாடு பொரியும் புகை.
வங்காளதேசத்துப் பையன்கள் ஐந்து பேர்.
பட்டியலில் இல்லை.
நாடு ஏற்றுமதி செய்யும் எண்ணெயில் இருக்கிறார்கள்,
நாடு என்ன தின்கிறது என்பதில் இல்லை.

வாசல்வரை வந்தார் கோமளவல்லி.
"தப்பான நேரத்துல வந்திட்டம்மா.
ஏழாம் தேதி சம்பளம்.
எட்டாம் தேதி வா, கோழி இருக்கும். நீயும் சாப்பிடலாம்."
என்றைக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று
முடிவு செய்தது ஒரு இயந்திரம்.
அது சம்பளம் வாங்குவதில்லை.

முச்சந்திச் சீனர் கடை முன்னால்
மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன்.
முட்டைகளை அழித்தேன், ஒன்று, இன்னொன்று.
மறுபடி சிவப்பு. காரணம் கேட்டது:
நோய். விரதம். உடல் இளைக்க. மற்றவை.
மற்றவையைத் தொட்டேன்.
நாற்பது எழுத்துக்குள் எழுதச் சொன்னது.
எழுதினேன்:
இருபத்தெட்டாம் தேதி.

இரவு ஒன்பது மணிக்குப் புவான் ரொஸ்னா அழைத்தார்.
நல்ல மனுஷி, எதையும் படிக்காமல் ஒப்புதல் தரமாட்டார்.
"பதினேழாம் வீட்டுக் காரணம் புரியவில்லையே.
இருபத்தெட்டு, அது உங்கள் ஆட்களின் விரத நாளா?"

ஆமாம் புவான், என்றேன்.
மாதாமாதம்.