ஒரே வினைச்சொல்

பொஹின் ஏரிக்கரை ஓட்டலின் லிஃப்டில்
நாலு பேருக்கு மேல் ஏறக்கூடாது என்றது பித்தளைத் தகடு.
இரண்டு அதிபர்கள், இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள்.
காவலர்கள் படிக்கட்டில் ஓடினார்கள்.

நான் தவ்லத்பேகோவின் வாய்.
அய்ஜமால் சரிபாயெவின் வாய்.
மூன்று நாளாக ஓர் ஆற்றை
எங்கள் நாக்குகளில் வைத்துத்தான்
பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள்.
ஒன்றைக் கவனித்திருந்தேன்:
நான் சொல்லி முடிக்குமுன்பே
சரிபாயெவின் புருவம் பதில் சொல்லிவிடும்.

இரண்டாம் மாடிக்கும் மூன்றுக்கும் நடுவில்
மின்சாரம் போனது.
நான்கு கோட்டுகளின் ஈரக் கம்பளி வாசனை.
எவனோ கம்பிக் கதவை இரும்பால் தட்டினான்.

இருட்டில் ஒரு குரல், ருஷ்ய மொழியில்:
"இன்னும் இருட்டென்றால் உனக்கு வியர்க்குமா?"
"வியர்க்கும்."
"லெனின்கிராட் ஹாஸ்டலில் விளக்கணைந்தால்
என் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்வாய்."
"நீ குறட்டை விடுவதாக நடிப்பாய்."
சிரிப்பு. கிழட்டுச் சிரிப்பு, இருமலில் முடிந்தது.
அய்ஜமால் என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தாள்.
மொழிபெயர்க்க ஒன்றுமில்லாத இடத்தில்
நாங்கள் வெறும் ஒட்டுக்கேட்பவர்கள்.

பிறகு சரிபாயெவ், மெல்ல:
"என் அம்மா எழுதிய கடிதம்.
அது கமிட்டிக்குப் போகுமுன்
திறந்தது நீதானே?"

லிஃப்ட் குலுங்கியது. வெளிச்சம்.
இருவரும் கண்ணாடி பார்த்து
டையைச் சரிசெய்தார்கள்.

கூட்டத்தில் மூன்றாம் ஷரத்து, மேல்மதகு.
தவ்லத்பேகோவ் எழுந்தார்.
காகிதத்தைப் பார்க்கவில்லை.
எங்கள் தாய்மொழியில் சொன்னார்:
"எனதல்லாத எதையும் நான் திறந்ததில்லை."

மதகுக்கும் கடிதத்துக்கும்
எங்களிடம் ஒரே வினைச்சொல்.
அவர்கள் மொழியில் இரண்டு.

ஏழு கேமராக்கள்.
சரிபாயெவ் அவரைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தார்,
நாற்பத்து மூன்று வருடமாகத்
தபால்காரனை எதிர்பார்க்கிறவர் போல.

எனக்குச் சம்பளம் மதகுக்குத்தான்.
மதகின் சொல்லைச் சொன்னேன்.

தலையசைத்தார்.
பேனாவின் மூடியை
மிகப் பொறுமையாகத் திருகி மூடினார்.
கையெழுத்து மார்ச்சுக்குத் தள்ளிப்போயிற்று,
பத்திரிகைகள் நீரளவு என்று காரணம் எழுதின.

அன்றிரவு அய்ஜமால் கேட்டாள்,
"அவர் எதைச் சொன்னார்?"
தெரியாது என்றேன்.
தெரியாது.

காலையில் யாரும் லிஃப்டில் ஏறவில்லை.
படிக்கட்டில் முதலில் ஒருவர்.
அவருடைய பூட்ஸ் சத்தம் ஓய்ந்த பிறகு
மற்றவர்.