சோடி பிரிக்கிறதில்லை

முன்கதவு ஸ்பீக்கர் இரண்டும்
ஒரே மாரியில் செத்தன.
உப்புக்காற்று விளிம்பைத் தின்று முடித்திருந்தது.
கறள் பிடித்த காந்தத்தின் மேல்
கோன் நனைந்த பப்படம் மாதிரித் தொங்கியது.
எண்பத்தேழாம் ஆண்டுச் சன்னி.
அதன் வயதுக்கு இதெல்லாம் ஒரு நோயா.

கல்முனை, பஸ் நிலையத்துக்குப் பின்தெரு.
ஹில்மியின் கடையில் சுவர் தெரியாது,
ஸ்பீக்கர்தான் தெரியும்.
ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு சுவிச்சு.
ஆறரை இஞ்சி வட்டம், ஆறுக்கு ஒன்பது முட்டை,
நடுவில் வெள்ளிப் பொட்டு வைத்தது, வைக்காதது.
"இது முந்நூறு வாட்ஸ் சேர்" என்று ஒன்றைத் தட்டினான்.
மேசையில் ஆறிக்கிடந்த பிளேன்ரீ
வட்டம் வட்டமாய் நடுங்கியது.
பெட்டியில் எழுதின வாட்ஸை
பாதியாக்கி, பிறகும் பாதியாக்கிப் படிக்கவேணும்
என்று அவனே சொன்னான்.
நல்ல மனிசன்.

"எனக்கு ஒன்று போதும்."
"ஒரு சோடியா?"
"சோடி இல்லை. ஒன்று."

சொல்ல வேண்டி வந்தது.
எனக்கு வலது காது கேளாது.
யாரும் கேட்டால்
வாவியில் நீந்தித் தண்ணி போனது என்பேன்.
எங்கள் வயதுக்காரர் அதற்குமேல் கேட்பதில்லை.
ஓட்டும்போது வலப்பக்கக் கதவு எனக்குச் சுவர்.
சுவருக்கு எதற்கு ஆறாயிரம்?

"சோடி பிரிக்கிறதில்லை சேர்.
மிச்ச ஒண்ட நான் ஆருக்கு விக்க?"
சொல்லிவிட்டுக் கொஞ்சம் நின்றான்.
ஸ்டூலில் ஏறினான்.
நுளம்பு மட்டைகளுக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவி
ஒரு பெட்டியை இறக்கி
சாரத்தின் நுனியால் தூசி தட்டினான்.
உள்ளே இரண்டு வட்டப் பள்ளம்.
ஒன்றில் ஸ்பீக்கர்.
ஒன்றில் ஒரு செத்த கரப்பான்.

போன நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு
ஒரு ஆள் வந்தாராம்.
உங்களைப் போலத்தான், ஒன்று தா என்று.
ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்தாராம்.
அஸர் பாங்கு சொல்லிவிட்டது,
அந்தரத்தில் கொடுத்துவிட்டானாம்.
ஊர் ஏறாவூரோ வாழைச்சேனையோ.
வெள்ளை வான்.
எந்தக் காது என்று கேட்கத் தோன்றவில்லை.

நாலாயிரத்து ஐந்நூறுக்குப் படிந்தது.
சோடி பிரிக்காதவன்
இரண்டாம் தடவையும் பிரித்து
இந்தமுறை சிரித்துக்கொண்டே கட்டித் தந்தான்.
வலப்பக்கக் கம்பியின் நுனியில்
கறுப்பு டேப் சுற்றிக் கதவுக்குள் தள்ளினான்.

பழைய பாட்டுத்தான், எனக்கு மனப்பாடம்.
குரல் வந்தது. வயலின் வந்தது.
தபேலாவைக் காணோம்.
அது மற்றப் பக்கத்தால் வந்து
டேப் சுற்றின முனையில் நிற்கிறது போல.
வாழைச்சேனை றோட்டில்
ஒரு வெள்ளை வானுக்குள் இந்நேரம்
தபேலா மட்டும் போய்க்கொண்டிருக்கலாம்,
பாட்டு எங்கே என்று தேடியபடி.
இரண்டு பக்கத்தையும் ஒன்றாய்க் கலக்க
செட்டில் ஒரு பொத்தான் உண்டு.
ஹில்மி காட்டித்தான் தந்தான்.
இன்னும் அமத்தவில்லை.

புடவைக்கடை வாசலில் லோஜினி ஏறினாள்.
ஸ்பீக்கர் அவள் முழங்காலுக்கு நேரே.
நல்ல காது ஒன்று,
அதற்கு இப்போது இரண்டு பேர் போட்டி.
களுதாவளை தாண்டுகையில் ஏதோ சொன்னாள்.
தலையாட்டினேன்.
"என்னத்துக்கு ஆட்டுறீங்க,
பாட்டுக்கா எனக்கா?"
சத்தத்தைக் குறைத்தேன்.

"உங்கட பக்கக் கதவு ஓட்டையால
காத்து விசிலடிக்குது எண்டன்."

"எனக்குக் கேக்கல்லியே."

"தெரியும். அதான் சொல்லுறன்."