அனுப்புற டொக்டர்

குறிகட்டுவான் இறங்குதுறையில்
சீமெந்து மூட்டைக்கும் கோழிக்கூட்டுக்கும் நடுவில்
என் பெட்டி ஏறியது.
உள்ளே மூன்று சேட்டு, ஒரு ஸ்டெதஸ்கோப்,
பயிற்சிக் குறிப்பேடு, நூற்றிப் பன்னிரண்டு பக்கம்.
தையல் இருபது. பிரசவம் பத்து.
காது கழுவுதல் ஐந்து.
ஒவ்வொரு கட்டத்துக்குப் பக்கத்திலும்
மேற்பார்வையாளர் ஒப்பமிட ஒரு கோடு.
மேற்பார்வையாளர் யாழ்ப்பாணத்தில்.
நடுவில் ஒரு மணித்தியாலக் கடல்.

என்னோடு படித்தவர்கள்
கண், தோல், கதிர்ப்படம் என்று பிரிந்துபோனார்கள்.
நான் குடும்ப வைத்தியம் என்றபோது
"ஆற்றை குடும்பம்?" என்று கேட்டான் பிரகலாதன்.

நெடுந்தீவில் முதல் மாதம்
நெஞ்சில் கை வைத்த எல்லாரையும் அனுப்பினேன்.
வயிற்றைப் பிடித்தவரை, தலை சுற்றியவரை,
மூன்று நாள் காய்ச்சல் கடந்த குழந்தையை.
நாற்பத்தொரு துண்டு.
படகுக்காரர் அந்தோனிமுத்து பெயர் வைத்தார்:
அனுப்புற டொக்டர்.
கடையில் தேங்காயைத் தட்டிப் பார்த்தால்
"நல்ல காய்தான் டொக்டர்,
பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பத் தேவையில்லை."

கொக்குவிலில் பிறந்தும் நான்
வலியை ஆங்கிலத்தில்தான் கற்றிருந்தேன்.
இங்கே அது உழைவு, குத்து, கடுப்பு, விறைப்பு.
நாரிக்குள் பூச்சி ஊரும்.
தலைக்குள் லொறி ஓடும்.
ஒருவருக்கு நெஞ்சு கொதித்தது;
விசாரித்தால், மருமகன் காணியை ஈடு வைத்திருந்தான்.

நாலாம் மாதம் பதினொரு துண்டு.
என்ன மாறியது என்று எனக்கே தெரியாது.
யார் சத்தி எடுத்தால் நண்டு,
யார் எடுத்தால் பயம்,
யார் குளிசையை விழுங்காமல்
சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போகிறார்,
இதற்கெல்லாம் கட்டம் இல்லை.
"தன்னம்பிக்கை வருது" என்றார்
மேற்பார்வையாளர் தொலைபேசியில்.
எனக்கும் அது பிடித்திருந்தது.

சோளகம் தொடங்கிய கிழமை
மரியதிரேசம்மா வந்தார்.
ஐம்பத்தெட்டு வயது. சீனி வருத்தம்.
"ராத்திரி மரவள்ளிக்கிழங்கு திண்டனான்,
நெஞ்செல்லாம் புளிக்குது பிள்ளை."
ஈசிஜி எடுத்தேன். ஒழுங்காகத்தான் இருந்தது.
அல்லது ஒழுங்காக இருக்கவேண்டும் என்று பார்த்தேன்.
ஜன்னலுக்கு வெளியே
கடல் வெள்ளை வெள்ளையாய் உடைந்துகொண்டிருந்தது.
இந்த மனிசியை ஏன் அதற்குள் ஏற்றுவான்
என்று நினைத்தது இரக்கமா,
இல்லை அந்தப் பெயரா?
வயிற்றுக்கு மருந்து கொடுத்தேன்.
பின்னேரம் வந்து காட்டுங்கோ என்றேன்.

பின்னேரம் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

குறிப்பேட்டில் அதற்கும் ஒரு பக்கம் இருக்கிறது:
சம்பவம் பற்றிய சிந்தனை,
முந்நூறு சொல்லுக்குள்.
பதினேழு எழுதினேன்.
ஒன்பதை வெட்டினேன்.
காற்றுத் தணிந்த ஒரு நாள் மேற்பார்வையாளர் வந்தார்.
ஈசிஜி தாளை வெளிச்சத்தில் பிடித்து
கனநேரம் பார்த்தார்.
"நானும் வீட்டைதான் விட்டிருப்பன்."
உண்மையோ, என்னை ஆற்றச் சொன்னதோ.
கோட்டின்மேல் ஒப்பமிட்டார்.
மீனும் வாங்கிக்கொண்டு போனார்.

முப்பத்தோராம் நாள் முடிந்த பிறகு
மரியதிரேசம்மாவின் மனிசன் சவிரியான்
பிறசர் குளிசைக்கு வந்தார்.
வரிசையில்தான் இருந்தார். இலக்கம் பத்தொன்பது.
சேட்டுக் கையை மடித்து
மேசையில் நீட்டினார்.
பட்டியைச் சுற்றி, அமுக்கி,
காற்றை மெதுவாக இறக்கினேன்.
நூற்றெழுபது.

"என்னை அனுப்பப்போறியளோ?"

பகிடியா, வழக்கா, கெஞ்சலா,
எனக்குத் தெரிந்த இரண்டு மொழியிலும்
விளங்கவில்லை.

"இருங்கோ," என்றேன்.
"பத்து நிமிஷம் கழிச்சு
இன்னொருக்கா பாப்பம்."

இருந்தார்.
வெளியே
இருபதாம் இலக்கம் இருமியது.