முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

கடைசிப் பெயர் திரையில் மறையுமுன்னே
ஹட்டன் கொட்டகையில் விளக்கைப் போட்டுவிட்டார்கள்.
"ஈங்கையைக் காணோம்" என்றாள் துவாரகா.
வெளியே வந்து உளுந்து வடை வாங்கும்வரை
வேறெதுவும் பேசவில்லை நாங்கள்.

ஈங்கை யாரென்று கேட்பீர்கள்.
அறுநூற்று நாற்பது பக்க நாவலில்
ஒன்பது வரிக்காரி.
பனிக்கோட்டைக்குப் படை ஏறும்போது
பின்னாலே உப்பு சுமந்து போனவள்.
நாற்பத்தொரு நாள்.
வாள் தந்த தேவதைக்கு ஓர் அத்தியாயம்,
இவளுக்கு ஒரு பத்தி.
படத்தில் அதுவும் இல்லை.
இளவரசன் அடிவாரத்தில் கண் மூடுகிறான்,
உச்சியில் திறக்கிறான்.
நடுவில் ஒரு கழுகு.

"கழுகு உப்பு தூக்குமா?" என்றான் சுதேசன்.
நான்கு வருஷமாகக் கொழும்பில்
புடவைக்கடையில் துணி மடிப்பவன்.
இந்தப் படத்துக்கென்றே லீவு போட்டவன்.

மாலை ரயிலில் இடமில்லை.
கழிவறைக் கதவோரம் நின்றபடி
படத்தை நாங்களே எடுக்கத் தொடங்கினோம்.

சுதேசன் முகத்தையே காட்டமாட்டானாம்.
கால் மட்டும்.
கல், சேறு, கால். கல், சேறு, கால்.
இடைவேளை வரைக்கும் அதுதான் படம்.
"ஒருத்தனும் பாக்கமாட்டான்" என்றேன்.
"நான் பாப்பேன். நீயும் பாப்ப."

துவாரகாவுக்கு ஓர் அட்டை வேண்டும்.
கணுக்காலைக் கடித்துத் தொங்கி
கொழுத்துத் தானாய் உதிரும்வரை
ஈங்கை குனியக் கூடாது.
குனிந்தால் சுமை சரியும்.
"அழ வைக்காத அவள" என்று இடைமறித்தேன்.
"யாரு அழ வச்சா? அவ வெத்தில போட்டுக்கிட்டு நடக்கிறா."

என் காட்சியில் வசனம் உண்டு.
கோட்டை வாசலில் காவலன் கேட்கிறான்: பேர்?
அவள் சொல்கிறாள்.
அவன் எழுதுகிறான்,
பிழையாக.
அவள் எட்டிப் பார்த்து, திருத்தச் சொல்கிறாள்.
திருத்தும்வரை மூட்டையை இறக்கவில்லை.
இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
பிறப்புச் சாட்சிப்பத்திரத்தில்
நான் இன்னும் வேறொருத்தி என்பது
அவர்களுக்குத் தெரியும்.

சிங்கமலைச் சுரங்கம் வந்தது.
பெட்டி முழுக்க இருட்டு.
வழக்கம்போல எல்லோரும் ஓவென்று கத்தினார்கள்,
டியூசன் பையன்கள், ஒரு சிப்பாய், கடலைக்காரன்,
யாருடைய மடியிலோ ஒரு கைக்குழந்தை.
எங்கள் பனிநாகத்துக்கு
அந்தக் குரலையே கொடுத்துவிட்டோம்.
கொட்டகையில் அது கொட்டாவி விட்ட மாதிரி இருந்தது.

வெளிச்சம் திரும்பியபோது
லீக்ஸ் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவர்
எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"நானும் பாத்தேங்க. கழுகு நல்லாத்தான் இருந்திச்சி."
பிறகு, கொஞ்சம் யோசித்து:
"ஏங்க, அந்தப் புள்ள
உப்ப எதால மூடிக்கிட்டுப் போச்சி?
மலையில மழ இருக்குமே."

ஒன்பது வரியில் மழை இல்லை.
எட்டுத் தடவை படித்தும் எங்களுக்குத் தோன்றவில்லை,
பிறந்ததிலிருந்து நனைந்தவர்களுக்கு.

கொட்டகலையில் அவர் இறங்கினார்.
மூட்டையைத் தூக்கிக் கொடுத்தது நான்.
லீக்ஸ் இவ்வளவு பாரமென்று தெரியாது.

அதன்பின் சண்டை.
துவாரகா ஆட்டுத்தோல் என்றாள்,
உடனே இல்லை, மெழுகுத்துணி என்றாள்.
பனி விழும் நாட்டில் மழையே பெய்யாது
என்று சாதித்தான் சுதேசன்.
நான் படங்கு என்றேன்.
இடுப்பில் கட்டியதை அவிழ்த்து
மூட்டைக்குப் போர்த்துகிறாள்.
"அந்த நாட்டுல ஏது படங்கு?"
"கழுகு பறக்கலாம், படங்கு இருக்கக் கூடாதா?"

தலவாக்கலையில் தூறல்.
ஸ்டேஷன் விளக்கடியில்
சட்டைக்குள் வைத்துக் காத்த புத்தகத்தைத் திறந்தோம்.
அத்தியாயம் முடிகிற இடம்.
ஒன்பதாம் வரிக்குக் கீழே கொஞ்சம் வெள்ளை.
பென்சிலால் துவாரகா எழுதினாள்:
உப்பு நனையவில்லை.

புத்தகம் நூலகத்துடையது.
செவ்வாய்க்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.
"அழிச்சிரலாமா?" என்றான் சுதேசன்.
யாரிடமும் ரப்பர் இல்லை.
தேடவும் இல்லை.