சாம்பல், ஒன்று

குமாஸ்தா கோதண்டபாணி பேனா முள்ளைத் துடைத்துவிட்டு
இது என்ன என்றார்.
விளக்கு என்றேன்.
விளக்கென்றால் திரி எங்கே?

திரி கிடையாதுங்க.

முள்ளிமுனைச் சுங்கக் கொட்டகையில்
ஓர் அரிக்கேன் தன் புகையிலேயே இருமிக்கொண்டிருந்தது.
அமாவாசைக்கு முந்தின இரவு. வாடை.
நம்புதாளை நிக்காஹுக்குப் போகிற வாடகை விளக்கு என்று
மூன்று முறை சொல்லியாயிற்று.
கல்யாண விளக்கை எவனாவது இருட்டில் தூக்கிப்போவானா
என்றான் வாசலில் நின்ற காவல்காரன்.
நல்ல கேள்வி.
அதற்குத்தான் பதில் வைத்திருந்தேன்:
ஏற்றிய விளக்கு உப்பங்கழி வரப்பில்
நான்கு எட்டு குலுங்கினால் போதும், கல்யாணம் இருட்டில்தான்.

எழுதணும், பாகம் பாகமாகச் சொல் என்றார் குமாஸ்தா.

கீழே பித்தளை வயிறு. முக்கால் வயிறு மண்ணெண்ணெய்,
மிச்சம் காற்று. காற்றுக்குத்தான் இந்தப் பம்பு.
காற்று மிதிக்க, எண்ணெய் குழாயில் ஏறும்.
ஏறியது அப்படியே எரியாது.
மேலே போய்ச் சூட்டில் ஆவியாகி,
மயிர்க்கண் துளையில் சீறி,
வெளிக்காற்றைச் சேர்த்துக்கொண்டு
குனிந்து கீழே இறங்கும்.
சூடு எங்கிருந்து?
அதன் வெளிச்சத்திலிருந்தேதான்.
தன் அடுப்பில் தானே வேகும் சாதி இது.
முதல் சூட்டுக்கு மட்டும்
ஒரு கிண்ணி ஸ்பிரிட் கடன் கொடுக்கவேண்டும்.

கடன் என்பதை அவர் எழுதவில்லை.

இந்தத் துணிப்பை?
மேண்டிலுங்க. மேற்குக் கரையில் கறுப்பு மணல் உண்டு,
அதைக் காய்ச்சி எடுத்த உப்பில் முக்கிய நூல்.
மணலா, வரி கட்டிய மணலா என்றார்.
சிரித்தாரா என்று தெரியவில்லை, மீசை பெரியது.

'துணிப்பை, ஒன்று' என்று எழுதினார்.
அதற்குப் பக்கத்துக் கட்டத்தில்
வேலை செய்யும் நிலை: ஆம் அல்லது இல்லை.
பார்க்காமல் எழுதுகிற ஆள் இல்லை அவர்.
ஏற்று.

பனையோலைக் கூரையை நிமிர்ந்து பார்த்தேன்.
ஸ்பிரிட் தீ ஒரு முழம் எழும்புமே ஐயா,
வெளியே கம்பத்தில் மாட்டினால் நல்லது.
அவரே தூக்கிப்போய் மாட்டினார்.
காற்றுக்கு முதுகைக் காட்டி
அவரே தீக்குச்சியும் கிழித்தார்.

நீலம் முதலில். பிறகு பை கறுத்தது,
சுருங்கியது, ஓர் ஓரத்திலிருந்து வெளுத்தது.
நூல் மொத்தமும் செத்து
பின்னல் மட்டும் நின்றது.
ஒன்று, இரண்டு என்று இருபது பம்பு அடித்தேன்.
உஸ்ஸென்று ஒரு மூச்சு,
கரை வெள்ளையாயிற்று.
கம்பத்தடி நண்டெல்லாம் வளையைத் தேடி ஓடின.
கழியில் கட்டிய வத்தைகளுக்குப்
பெயர் திரும்பக் கிடைத்தது.

குமாஸ்தா வாயைத் திறந்தபடி நின்றார்.
நான் கடலைப் பார்க்கவில்லை.
பார்க்கக்கூடாது என்பதுதான் ஏற்பாடு.
என் மச்சான் காதர் கனியிடம் சொன்னது இவ்வளவே:
இருட்டாயிருந்தால் வா.
முள்ளிமுனையில் வெள்ளை வெளிச்சம் கண்டால்
பாயைத் திருப்பிவிடு.

எங்கோ தொலைவில் பாய்மரம் கிரீச்சிட்டதோ,
காற்றோ.

அணைத்ததும் அவருக்கு ஆசை தாங்கவில்லை.
எரிந்து முடிந்தும் பை அப்படியே இருக்கிறதே என்று
விரல் நுனியால் தொட்டார்.
விரலில் கொஞ்சம் வெள்ளை ஒட்டியது.
மீதி மணலில்.

வெகுநேரம் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
துணிப்பையை அடித்தார்.
'சாம்பல், ஒன்று' என்று எழுதினார்.
ஒன்றா ஐயா என்றேன்.
எண்ணிக்கை காலியாக விடக்கூடாது என்றார்.
வேலை செய்யும் நிலை: ஆம்.

கையெழுத்திட்டேன், உசேன் நயினா, தொண்டி.
பிறகு எழுந்து நின்று,
நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன்:
இன்று ராத்திரி வாடகை ஒன்றரை ரூபாய்,
புது மேண்டில் நாலணா,
யார் கணக்கில் எழுத?