பதினொன்று புள்ளி ஆறு

வாலிநோக்கத்திலிருந்து மூன்று பொட்டலம் உப்பு
கீழக்கரைக் கல்லூரிக்கு, என் மேசைக்கு வந்தது.
ஒன்றின் மூலை கசிந்திருந்தது.
கூடவே ஒரு துண்டுத்தாள்:
"ஜிப்சம் கலந்ததுன்னு ஏவாரி அம்பாரத்தத் தள்ளிட்டாரு.
கலக்கலன்னு எழுதித் தாங்க.
முத்திருளாயி, எட்டாம் பாத்தி."

எழுதித் தருவது நானில்லை, கருவி.
அதற்கு முன்னால் அரைக்க வேண்டும்.
அரைகுறையாய் விட்டால் கட்டிகளெல்லாம்
செங்கல் போல் மட்டமாய்ப் படுத்துக்கொள்ளும்,
ஒரே முகத்தைக் காட்டும்.
மாவாக்கினால்தான்
ஏதோ ஒரு துகள், ஏதோ ஒரு சாய்வில்,
கதிருக்குச் சரியாக நிற்கும்.

எக்ஸ் கதிர் உள்ளே போய் என்ன செய்கிறது?
இரண்டு பெண்கள் என்று வையுங்கள்.
ஒருத்தி மேல்வரப்பில் நேராக வருகிறாள்,
இன்னொருத்தி கீழ்வரப்பைச் சுற்றி வருகிறாள்.
சுற்றிய தூரம்
வலமும் இடமுமாய் முழுச் சோடிக் காலடி என்றால்
அம்பாரத்துப் பலகையில் இருவர் வலதுகாலும்
ஒன்றாய் விழும். பலகை அதிரும்.
ஒற்றைக் காலடி மிஞ்சிவிட்டால்
ஒருத்தி ஏற ஒருத்தி இறங்க
பலகைக்கு யாரும் வந்ததே தெரியாது.

வரப்புக்கும் வரப்புக்கும் இடைவெளி
ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடியாய் வெட்டி
அதில் மூன்றுக்குச் சற்றுக் குறைவு.
சோடியமும் குளோரினும் மாறி மாறி.
யாரும் கயிறு பிடித்துப் பார்க்காத நேர்.

இருபத்தேழைத் தாண்டி ஒரு சிறு மேடு.
முப்பத்தொன்று புள்ளி ஏழில்
தரிசில் ஒற்றைப் பனை போல ஒரு கோடு.
நாற்பத்தைந்தரையில் இன்னொன்று.
நடுவில் வெறும் தரை:
வரக்கூடாத இடத்தில் வராமலிருப்பதும்
உப்பின் அடையாளம்தான்.

ஆனால் தொடக்கத்திலேயே,
பதினொன்று புள்ளி ஆறில்,
சுண்டுவிரல் நகம் உயரத்துக்கு
ஒன்று எழுந்து நின்றது.
எட்டாம் பாத்தியில். ஒன்பதாம் பாத்தியில்.
பதினான்கில் இல்லை.

ஜிப்சம்.
என்ன இருக்கிறது என்று கருவி சொல்லும்,
யார் போட்டது என்று கேட்டால்
அடுத்த மாதிரியைக் கேட்கும்.

சனிக்கிழமை ஏர்வாடி வழியாய்ப் போனேன்.
உடைமரத்தில் மாட்டிய தூக்குவாளி,
கண் கூசும் வெள்ளை,
காலில் ரப்பர் பூட்ஸுடன் அவள்.
தாளை நீட்டினேன்.
ஒரு சொல்லும் நான் சொல்லவில்லை.
அவள் தலைகீழாய்ப் பிடித்து, பிறகு நேராக்கி,
பனையை விட்டுவிட்டு
அந்த நகத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இது என்ன?"
கடல் காயும்போது உப்புக்கு முன்னாலேயே
தெப்பத்தில் இறங்கிவிடுகிற ஒன்று என்றேன்.
தட்டுத் தட்டாய் அடியில் படியும்,
நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

தெப்பத்துப் பக்கம் திரும்பினாள்.
நடு வரப்பில் ஓரிடம் மட்டும் புதுமண் நிறத்தில் இருந்தது.
"அப்ப இது வியாழக்கெழம மழ," என்றாள்.
"ராத்திரி ஒடஞ்சுச்சு. விடிஞ்சதும்
தெளியட்டும்னு சொன்னேன். வாருன்னுட்டாங்க."

அறிக்கைப் படிவத்தில் மழைக்குக் கட்டமில்லை.
"நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே.
உடைந்த வரப்பை ஒட்டிய பாத்திகளில் மட்டும்"
என்று அடியில் எழுதிக் கையெழுத்திட்டேன்.

ஏவாரி இரண்டு முறை படித்தார்.
மூட்டைக்கு எட்டு ரூபாய் குறைத்தார்.
எட்டிலும் ஒன்பதிலும் மட்டும்.
குறைந்தது யார் கூலியில் என்று
அந்தத் தாளில் இல்லை.