முள்

எங்கள் கவுன்டியில் தெருவுக்கடியில் எரிவாயு ஓடாது.
வீட்டுக்கு வீடு பின்புறம் ஒரு வெள்ளைத் தொட்டி
கொழுத்த பன்றி படுத்திருப்பது போல.
மூடியைத் தூக்கினால் உள்ளே ஒரு முள்.
பதினேழு குளிர்காலமாக அதைத்தான் படிக்கிறேன்.
யார் வீட்டில் பிள்ளை பிறந்தது,
யார் மாடியைப் பூட்டிவிட்டு
அடுப்பறையிலேயே படுக்கிறார்கள்,
கேட்காமலே சொல்லிவிடும்.

அக்டோபரில் குயேவாஸ் வீட்டு முள்
இருபத்திரண்டில் நின்றது.
நவம்பரிலும் இருபத்திரண்டு.
பனி விழுந்தும் இறங்காத முள்ளுக்கு
ஒரே அர்த்தம்தான்.
பால்பண்ணை மூடிய வாரமே
ஐந்து பேரும் கிளம்பியிருந்தார்கள்.
தபால்பெட்டியில் கடைசி மாத வாடகை,
சில்லறையோடு. எஃப்ரைன் அப்படி.

மேலே குன்றில் புது வீடு.
சியாட்டிலில் இருந்து ப்ரெண்டிஸும் அவர் நாயும்.
ஆயிரம் காலன் தொட்டியை மண்ணுக்குள் புதைத்திருக்கிறார்,
மலை தெரிவதை மறைக்கக் கூடாதாம்.
வாசல் பாதைக்கு அடியில் வெந்நீர்க் குழாய்கள்:
விழுந்த பனி விழுந்த இடத்தில் கரைகிறது.
நல்ல மனிதர். காபி தருவார்.
சம்பளம் எங்கிருந்தோ வருகிறது,
திரையைப் பார்த்துத் தலையாட்டினால்.

வரி கட்டப் போனபோது
மெர்லிஸ் ஒரு தாளை நீட்டினாள்.
போன குடும்பம் முப்பத்தெட்டு, வந்தது பத்தொன்பது.
சராசரி வருமானம் பதினோராயிரம் டாலர் உயர்வு.
"வாழ்த்துகள், ஆர்விட்."
யாருக்கு உயர்ந்தது என்றேன்.
தாளைத் திருப்பிப் பார்த்தாள்.
பின்பக்கம் வெறுமை.

கழிக்கக் கழிக்கக் கூடுகிற கணக்கு!
ஐந்து பேரை எடுத்துவிட்டு
ஒருவரை வைத்தால்
மிச்சமிருக்கும் நாங்கள்
படுத்த படுக்கையில் பணக்காரர்கள்.
என் வீட்டு வரி அதை நம்பிவிட்டது.
சட்டைப்பைதான்
இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது.

டிசம்பர். கம்பெனி உத்தரவு:
ஆளில்லாத தொட்டியைக் காலி செய்.
குழாயை மாட்டினேன்.
நூற்றுப் பத்து காலன்
என் லாரிக்குள் சீறி ஏறியது,
எஃப்ரைன் காசு கொடுத்து வாங்கி
காயாமல் விட்டுப்போன சூடு.
அடுத்த நிறுத்தம் குன்றின் மேல்.
லாரிக்குள் கலந்தபின்
எது யாருடையது என்று
எந்த முள்ளும் காட்டாது.
ப்ரெண்டிஸின் பாதையில் நடந்தேன்.
பூட்ஸில் ஒரு துளி ஈரமில்லை.

பாக்கிப் பணத்துக்குக் காசோலை போட வேண்டும்.
படிவத்தில் முகவரிக்கு மூன்று வரி.
முதல் வரியில்
'தெற்கே' என்று எழுதினேன்.
பிறகு அடித்துவிட்டேன்.
வடக்கிலும்
பால்பண்ணைகள் இருக்கின்றன.